பதினேழு பிள்ளைகள், இலவசம்

1

ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு வருடம் முடிந்த அன்று, சாயங்காலம் நாலு மணிக்கு, குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நான் பெற்ற பிள்ளைகளை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று புகார். அப்படி அறிவிப்பு எழுதி ஒட்டியது நான்தான். கீழே பெயர், வீட்டு எண், கைபேசி எண் எல்லாம் போட்டதும் நான்தான்.

தேனிப் பக்கம் கம்பத்தில் இருக்கும் என் சிநேகிதிகள் அரைகுறையாகக் கேள்விப்பட்டு, "ராணியப் போலீஸ் பிடிச்சிருச்சாம்ல" என்று சுருளிப்பட்டி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். கூடலூரில் கட்டிக்கொடுத்த என் நாத்தனார் போனில் அழுதே விட்டாள். அதனால் நடந்ததை நானே வரிசையாக எழுதிவிடுகிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். எழுதும்போதே நான் மூன்று தடவை பேனாவைக் கீழே வைத்தாயிற்று.

2

எங்கள் வீட்டில் மூன்று பேர். கணவர் ராஜேந்திரன் இயந்திரத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். மகள் மதுவுக்குப் பதினாலு வயது. இரண்டு வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தது.

என்னோடு சமையலறையில் நிற்கும் ஹைக்கே, மூன்று வருடத்துக்கு முன் என் பிறந்தநாளுக்கு ஒரு செடி கொண்டுவந்தாள். வெள்ளைப் பீங்கான் தொட்டி. தொட்டிக்கு அடியில் தட்டு. அதைச் சுற்றிச் சிவப்பு நாடா. உள்ளே என்ன என்று பார்த்தால் நம்ம சோத்துக்கத்தாழை! வேலியோரம் ஆடு கூட மோந்து பார்க்காமல் போகிற கத்தாழை. திருஷ்டி கழிய வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும் சாகாமல் கிடக்கிற கத்தாழை. அது நாடா கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து ஹைக்கே, பரிசு ரொம்பப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது வருடம் தாயின் காலடியில் மண்ணைக் கீறிக்கொண்டு குட்டிக் குட்டியாக முளைத்தது. பக்கக்கன்று! வாழைக்காரன் மகளுக்கு இதைக் காட்டிக்கொடுக்க ஆள் வேண்டியதில்லை. எந்தக் கன்று ஈட்டி மாதிரி நிமிர்ந்து வருகிறது, எது நட்டால் தேறாத வெறும் தண்ணிக்கன்று என்று பார்த்தவுடன் சொல்லுவேன். உடனே சமையல் கத்தியை எடுத்தேன். வாழைக்குச் செய்கிற மாதிரியே தாயிடமிருந்து வெட்டிப் பிரித்து, அன்றைக்கே நட்டு, தாராளமாகத் தண்ணீர் விட்டேன். ஒரே வாரத்தில் மூன்று கன்றும் கொழகொழவென்று அழுகிப்போயின.

எனக்கு அவமானமாகிவிட்டது. சுருளிப்பட்டியில் இன்றைக்கும் வாழையும் திராட்சையும் போடுகிற முருகேசன் அண்ணனை வீடியோவில் கூப்பிட்டு, தொட்டியைக் காட்டினேன்.

"வெட்டி எத்தன நாள் காயப்போட்ட?" என்றது அண்ணன்.

"காயப்போடணுமாண்ணே?"

"ஏத்தா, அது உடம்பு பூராம் தண்ணி வச்சிருக்கிற பய. வெட்டுக்காயத்தோட வாய்க்கால்ல எறங்குனா நமக்கே சீப்பிடிக்கும். அதுக்குப் பிடிக்காதா? ரெண்டு மூணு நாள் நெழல்ல போடு. வெட்டுவாய் தோல் கட்டட்டும். பெறகு மணல் கலந்து நடு. ஒரு வாரத்துக்குத் தண்ணிப் பக்கமே போகாத."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? நீ எங்க கத்தாழை வச்ச?"

"கத்தாழைய யாருத்தா வைக்கிறது? அறுத்துத் தூக்கிப் போட்டாலும் அதுவா வருது. அதப் பாத்துத்தான் சொல்றேன்."

அடுத்த முறை அண்ணன் சொன்னபடியே செய்தேன். பத்தாம் நாள் ஒரு கன்றின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. கீழே எதுவோ மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. சமையலறையில் தனியாக நின்று கைதட்டினேன். அன்றைக்கு முதியோர் இல்லத்தில் சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். பிள்ளை பிறந்த வீட்டுக்காரி மாதிரி ஒரு நிலைகொள்ளாமை.

அதற்குப் பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. தயிர் டப்பா காலியானால் கழுவி அடியில் ஓட்டை போட்டுவிடுவேன். கன்றுகள் அடுப்படி ஜன்னலில் ஆரம்பித்து, செருப்பு அலமாரியின் மேல் ஏறி, மதுவின் படிப்பு மேசை வரைக்கும் போய், அங்கிருந்து துரத்தப்பட்டுக் குளியலறை ஜன்னலில் குடியேறின. அடையாளத்துக்கு ஐஸ் குச்சியில் ஊர்ப்பெயர் எழுதிச் செருகினேன். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி, போடி. எவ்வளவு செய்தும் தேறாமல் நோஞ்சானாகக் கிடந்த ஒன்றுக்குக் குச்சனூர். அந்த ஊர்க் கோவில் சனீஸ்வரன் பார்த்துக்கொள்ளட்டும்.

3

மதுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களோடு அவள் பேசுகிற தமிழ் வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் "பசிக்குது", "வாரேன்", "அம்மா ப்ளீஸ்" என்று மூன்றில் நின்றுவிட்டது. மிச்சமெல்லாம் ஜெர்மன். அதுவும் பஸ் போகிற வேகத்தில். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை இரண்டு வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் அப்பா மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள்.

அதற்கு நான்தான் காரணம். அவள் வகுப்பு ஆசிரியையிடம் ஒரு தடவை, வார்த்தை கிடைக்காத அவசரத்தில், நம்மூர் இங்கிலீஷைக் கலந்து, "மது எங்களுக்குக் கடவுள் குடுத்த கிஃப்ட்" என்று பெருமையாகச் சொன்னேன். ஜெர்மனில் கிஃப்ட் என்றால் விஷம். ஆசிரியை சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்தார். மது அன்றைக்கு என்னோடு ஒரே இருக்கையில் உட்காராமல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள்.

அதனால் இந்த அறிவிப்பை எழுதும்போது அவளிடம் கேட்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். கணவர் வேறு, "ராணி, குளிக்கப் போனா பதினேழு பேர் பாக்குற மாதிரி இருக்கு. யாருக்காச்சும் குடுத்துரு" என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கன்றுகளை இங்கே என்ன சொல்வார்கள் என்று ஹைக்கேயிடம் கேட்டேன். "கிண்டல்" என்றாள். என்னையா கிண்டல் செய்கிறாய் என்று எனக்குச் சிரிப்பு. இல்லை, இல்லை, அதுதான் பெயர் என்றாள். நான் யோசித்தேன். நாங்கள் இருக்கும் இந்தத் தெற்குச் சீமையில் எதைச் சொன்னாலும் வாலில் ஒரு 'ல்' போட்டுச் செல்லம் கொஞ்சுவார்கள். பேச்சுக்கு அது சரி, எழுத்துக்கு ஆகுமா? ஊரில் "வந்தாக, போனாக" என்று பேசுகிற நாம் மனு எழுதும்போது அப்படியா எழுதுகிறோம்? பிள்ளைக்குச் சுத்தமான ஜெர்மன் "கிண்ட்", பல பிள்ளைகள் என்றால் "கிண்டர்". நம்மூரிலும் தென்னம்பிள்ளை என்றுதானே சொல்கிறோம்! எல்லாம் பொருந்தி வந்தது. நானே திருத்திக்கொண்டேன்.

அடுக்குமாடியின் கீழே தபால்பெட்டிகளுக்குப் பக்கத்திலும், தெருமுனைக் கடையின் பலகையிலும் ஒட்டினேன். தமிழில் சொன்னால் இது:

"ஆரோக்கியமான பிள்ளைகள் இலவசம்! மொத்தம் பதினேழு, எல்லாம் ஒரே தாய். தாய் களைத்துவிட்டாள், வீட்டில் இடமும் இல்லை, ஆகவே உடனே பிரிக்க வேண்டும். அதிகம் கவனிக்கத் தேவையில்லை. மாதம் இரண்டு முறை தண்ணீர் கொடுத்தால் போதும். வெயிலில் வைக்கலாம். குளிரில் வெளியே விட்டால் செத்துவிடும். மாலை ஆறு மணிக்கு மேல் வந்து பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்."

செடி என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. வாழைக்கன்று விற்கிறவன் 'இது செடி' என்று எழுதியா வைக்கிறான்?

மறுநாள் ஒரு பெண்மணி போன் செய்தார். பெயர் சொல்லவில்லை.

"என்ன வயது?" என்றார்.

"பெரியவை எட்டு மாதம். கடைக்குட்டி மூன்று வாரம்."

"இப்போது எங்கே இருக்கிறார்கள்?"

"குளியலறையில்."

"சாப்பாடு?"

"ஒன்றும் வேண்டாம். தண்ணீரே அதிகம் கொடுக்கக் கூடாது. அழுகிவிடும்."

"தாய் எப்படி இருக்கிறாள்?" குரல் நடுங்கியது. இவ்வளவு அக்கறையான மனுஷியா என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று.

"நன்றாக இருக்கிறாள். சனிக்கிழமைதான் கத்தியால் பிரித்தேன். இரண்டு நாளில் காய்ந்துவிட்டது."

தொடர்பு அறுந்துவிட்டது. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்தேன்.

4

இரண்டு நாள் கழித்து அவர்கள் வந்தார்கள். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு அம்மா. கையில் கோப்போடு ஒரு இளம் அதிகாரி. மது அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தன் அறைக்குள் போயிருந்தாள். அந்த அம்மா தன் அலுவலகத்தின் பெயரை ஒரு முழ நீளத்துக்குச் சொல்லி, அடையாள அட்டையையும் காட்டினார். கத்தாழை வாங்க வருவதற்குக்கூட அட்டை காட்டுகிறார்களே, இந்த ஊர் ஒழுங்கை என்ன சொல்ல என்று நினைத்துக்கொண்டே, "ஆறு மணிக்கு மேல் என்றுதான் எழுதியிருந்தேன். பரவாயில்லை, வாருங்கள்" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பதினேழு பேர் இருக்கிறார்களா?" என்றார் அந்த அம்மா.

"பதின்மூன்றுதான் மிச்சம். ஒன்றை என்னோடு வேலை பார்ப்பவள் எடுத்துக்கொண்டாள். இரண்டை முதியோர் இல்லத்தில் விட்டேன். ஒன்று செத்துப்போயிற்று. என் தப்புத்தான், பார்க்காமல் மேலே உட்கார்ந்துவிட்டேன்."

இளம் அதிகாரியின் பேனா அப்படியே நின்றது. அந்த நேரத்தில் மதுவின் அறைக்கதவு திறந்தது. உள்ளே எல்லாம் கேட்டிருக்கிறது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா," என்றாள், தமிழில். "கீழ போர்டுல நீ என்ன எழுதுன?"

சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டே ஒரு கையால் குளியலறைக் கதவைத் தள்ளித் திறந்து, மறு கையால் உள்ளே காட்டினாள்.

பதின்மூன்று தயிர் டப்பா. பதின்மூன்று கத்தாழைக் கன்று. அதிகாரி அம்மா குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. அப்புறம், குச்சிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மது குனிந்து எழுத்துக்கூட்டினாள்.

"கூ... ட... லூர். கம்பம். உத்தம... பாளையம்."

இரண்டு வருடமாகத் தமிழ்ப் புத்தகத்தைத் தொடாதவள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குச்சனூரிடம் வந்ததும் இளம் அதிகாரி, "இது மட்டும் ஏன் இப்படி?" என்றார். சனி பிடித்திருக்கிறது என்றேன் தமிழில். மது ரொம்ப நேரம் வார்த்தை தேடிவிட்டு, "ஒரு கிரகத்தோடு இதற்குத் தகராறு" என்று ஜெர்மனில் சொன்னாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. புகார் பதிவானால் வீட்டில் இருக்கிற பிள்ளையோடு தனியாகப் பத்து நிமிடம் பேசியே ஆக வேண்டுமாம். படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதைக் காலியாக விட முடியாதாம். மதுவும் அந்த அம்மாவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அடுத்த வாரம் எங்களுக்குக் குடியுரிமை அலுவலகத்தில் கடைசிச் சந்திப்பு. இதற்காக நாலு வருடமாகக் காகிதம் சேர்த்திருக்கிறோம். ஆனால், உண்மையைச் சொன்னால், அந்தப் பத்து நிமிடமும் நான் அந்தக் காகிதங்களை நினைக்கவில்லை. அம்மா உன்னை எப்படி வைத்திருக்கிறாள் என்று கேட்பார்கள். என் பெண் என்ன சொல்வாள்? பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவள். என் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் கூசுகிறவள். இளம் அதிகாரிக்குக் காபி போட்டேன். சர்க்கரைக்குப் பதிலாக உப்பை நீட்டிவிட்டு, அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் கவனித்தேன்.

உள்ளே திடீரென்று பெரிய சிரிப்புச் சத்தம். கதவு திறந்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்களுக்கு அருமையான பெண்" என்றார். எவ்வளவு சொல்லியும் கன்று மட்டும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். விசாரணைக்குப் போன வீட்டில் அன்பளிப்பு வாங்கக் கூடாதாம்.

"என்னடி சொன்ன?" என்று மதுவிடம் கேட்டேன்.

"அம்மா ப்ளீஸ்," என்றாள்.

5

மறு வாரம் குடியுரிமைப் படிவத்தில் 'பிள்ளைகள் எத்தனை' என்ற இடத்தில் ஒன்று என்று எழுதிவிட்டு மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் கணவர், "ஒன்னுதானா? நல்லா யோசிச்சியா?" என்றார். நடுத்தெருவில் அவர் கையில் கிள்ளினேன்.

இரண்டு நாளில் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்தும் கடிதம் வந்தது. அறிவிப்பில் கண்ட பிள்ளைகள் தாவரங்கள் என்று நேரில் உறுதி செய்யப்பட்டதால் கோப்பு மூடப்படுகிறது என்று முத்திரையோடு எழுதியிருந்தார்கள். அதைச் சட்டம் போட்டுக் குளியலறையில் மாட்டியிருக்கிறேன்.

இதற்குள் மது பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டு, தன் கையெழுத்தில் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு வரலாம், இவை செடிகள், உண்மையாகவே செடிகள் என்று. கதை அதற்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. சனிக்கிழமை எங்கள் வாசலில் இருபது ஜோடிச் செருப்பு. பன்னிரண்டு வருடத்தில் எங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த ஜெர்மன்காரர்களை விரல் விட்டு எண்ணலாம். அன்றைக்கு எண்ண விரல் பற்றவில்லை. பணியாரச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கவே முடியவில்லை. மது பம்பரமாகச் சுற்றி, வெட்டுவாய் காய வேண்டும், மணல் வேண்டும், தண்ணீர் வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று அண்ணன் வீடியோவில் வந்தது. போனை ஜன்னலில் சாய்த்து வைத்தேன்.

"ஏத்தா, என்ன எல்லாரும் கேட்டுக் கேட்டு வாங்குறாக? கேட்டு வாங்குனா செடி வளராது. திருடிட்டுப் போகச் சொல்லு!"

மது அதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டாள். அவ்வளவுதான், எல்லாருக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். பின்னால் ஒரே கிசுகிசுப்பு, சிரிப்பு, டப்பா உரசுகிற சத்தம். இரண்டாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் மட்டும் தன்னால் முடியாது என்றார். நாற்பது வருடம் பார்த்த உத்தியோகமாம். கடைசியில் ஒரு காகிதத்தில், 'இந்தச் செடியைத் திருட இவருக்கு முழு அனுமதி அளிக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சின்னமனூரைத் திருடினார்.

எல்லாரும் எடுத்து முடித்த பிறகும் எதிர்வீட்டுப் பிரிகிட்டே வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நாலு வருடமாக எதிரெதிர்க் கதவு. வணக்கம் தவிர ஒரு பேச்சு கிடையாது. முகம் செக்கச் செவேலென்று இருந்தது.

"நான்தான் போன் செய்தேன்," என்றார். "உங்களுக்கும், அவர்களுக்கும். மன்னித்துவிடுங்கள்."

எனக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே ஒரு வீட்டுக் குளியலறையில் பதினேழு குழந்தைகள் பட்டினியாகக் கிடந்திருந்தால், இந்தக் கட்டடத்தில் போனை எடுத்திருக்கக்கூடியவர் இந்த ஒருவர்தான். மற்றவர்கள் படித்துவிட்டுப் படியேறியிருக்கிறார்கள். இதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உள்ளே போய்த் தாய்ச்செடியையே, வெள்ளைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தேன். "இது களைத்துப்போயிருக்கிறது. நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வீர்கள்" என்றேன். தொட்டியைக் கட்டிக்கொண்டு அவர் அழுதார். அழுதுகொண்டே, பக்கத்தில் நின்ற மதுவிடம் என்னமோ கேட்டார். மது ஒரே மூச்சில் பதில் சொன்னாள். பிரிகிட்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்க, அறை முழுக்கச் சிரித்தது. அவள் பேசிய வேகத்தில் எனக்குத்தான் ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

"ஏத்தா மது," என்று ஜன்னலிலிருந்து அண்ணன் கத்தியது. "அந்தம்மா என்ன கேட்டாக? என்னத்துக்கு எல்லாரும் சிரிக்கிறாக?"

மது போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அன்னைக்கு ரூமுக்குள்ள ஆபீசர்ட்ட நான் என்ன சொன்னேன்னு கேட்டாக."

"என்ன சொன்ன?"

"உங்கம்மா உன்னைய யாருக்காச்சும் குடுத்துருமான்னு ஆபீசர் கேட்டாக மாமா. குடுத்தாலும் ஒன்னும் ஆகாதுன்னு சொன்னேன். எங்கம்மா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா போன் போட்டு, புள்ள சாப்பிட்டுச்சா, புள்ள சாப்பிட்டுச்சான்னு அவுகள்ட்டயே கேக்கும். அதுவும் ஜெர்மன்ல கேக்கும். அவுக தாங்க மாட்டாக. மறுநாளே கொண்டாந்து வீட்டுல விட்டுருவாக."